எடைக்கு வாங்கிய டிரம்

பழைய சாமான் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் ஒரு ரகம். கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று வாங்குகிறவர்கள் மற்றொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தாருக்குத் தங்களைப் பற்றி எப்போதும் கொஞ்சம் உயர்வான அபிப்பிராயம் இருக்கும். ஏதோ ஒரு பொருளை வாங்கினோம் என்று நினைக்க மாட்டார்கள். ஒரு ஜீவனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நானும் அந்த ரகத்தைச் சேர்ந்தவன்தான். ஒரு பழைய டிரம்மை வாங்கிப் பழுது பார்க்கப் போய், அந்த நினைப்பு எப்படி ஆட்டம் கண்டது என்பதைச் சொல்கிறேன்.

கம்பத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் அது கிடந்தது. சுருள் அவிழ்ந்த மோட்டார்கள், கால் ஒடிந்த தையல் மிஷின், குழாய்த் துண்டுகள் இவற்றுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்தது. பாண்டு வாத்தியக்காரர்கள் தோள்வாரில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சிகளால் அடிப்பார்களே, அந்த சைடு டிரம். பித்தளை உடம்பு கறுத்துப் போயிருந்தது. மேல்தோல் கிழிந்திருந்தது. ஒரு பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சொட்டை. கடைக்காரர் அதைத் தூக்கித் தராசில் வைத்தார். "வாத்தியத்துக்கு விலை கிடையாது சார், பித்தளைக்குத்தான் விலை" என்றார். 1,800 ரூபாய் ஆயிற்று. ஒரு வாத்தியத்தைப் போய் எடைக்கு விற்பதா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததே தவிர, வாத்தியத்துக்கு மரியாதையாக ஒரு நூறு ரூபாய் கூடக் கொடுப்போம் என்று தோன்றவில்லை.

ராயப்பன்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் ஊர் அம்மாள் ஒருத்தி.

"எங்க சார் பிடிச்சீங்க இதை? நம்ம பாண்டுக்காரத் தாத்தாவோடதுல்ல? இந்தச் சொட்டையைப் பாத்தாலே தெரியுதே!"

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு, டிரம்மை மெதுவாகத் திருப்பி, சொட்டை என் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், போகிறவர் வருகிறவர் மேல் இடிக்காமல் இருப்பதற்காக என்று சத்தியம் செய்திருப்பேன்.

ராயப்பன்பட்டி மேகமலை அடிவாரத்து ஊர். ராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வழங்கும் பெயர். ஊர்ப் பெயரைச் சொன்னாலே காதில் கோவில் மணி கேட்கும். ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை இந்தப் பந்தல்களில் காய்ப்பதுதான். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கொடியை இங்கே கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். இன்றைக்கு அது வெளியூர்க் கொடி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பாண்டு வாத்தியமும் அப்படித்தான். திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் டிரம் சத்தம் கேட்டால்தான் சப்பரமே நகரும் என்கிற மாதிரி அது ஊரோடு ஒட்டிப் போய்விட்டது.

தமிழ்நாட்டில் இந்த ஒட்டுதல் ஏற்பட்டு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1798 முதல் 1832 வரை தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேனாட்டு பாண்டு வைத்திருந்தார். அதே காலத்தவரான முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாளைப் பாடுகிறோமே, அது இங்கிலாந்து ராஜாவைக் கடவுள் காப்பாற்றட்டும் என்று அவர்கள் பாடுகிற மெட்டு. பிற்பாடு உத்தரப் பிரதேசத்து மீரட் நகரம் பாண்டு வாத்தியங்களுக்குப் பேர் போனதாயிற்று. அங்கே ஜலி கோட்டி என்ற பகுதியில் 1885-ல் ஆரம்பித்த நாதிர் அலி கம்பெனியைப் பாண்டுக்காரர்கள் நன்றாக அறிவார்கள். என்னுடைய டிரம்மின் விளிம்பிலும் தேய்ந்துபோன எழுத்துகளுக்கு நடுவே 'மீரட்' என்பது மட்டும் தெரிந்தது. 'என்னுடைய' டிரம் என்று பேனா தானாக எழுதிவிட்டது பாருங்கள். அந்த வார்த்தையைப் பற்றித்தான் பேச்சே.

இரண்டு மாதம் அதைப் பழுது பார்த்தேன். நாவல் எழுத வேண்டிய நேரத்தில் பித்தளை தேய்த்தேன் என்று சொன்னால் என் பத்திராதிபர் வருத்தப்படுவார். இருந்தாலும் உண்மை அதுதான். பாட்டி குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளியைக் கரைத்துப் பூசி, சாம்பலால் தேய்த்து, வெயிலில் காய வைத்தேன். பாத்திரங்களுக்கு ஒட்டுப் போடுகிறவர் ஒருவரிடம் கொடுத்துச் சொட்டையை மரச் சுத்தியலால் உள்ளேயிருந்து தட்டி எடுத்தேன். சுற்றிலும் தோலை இழுத்துப் பிடிக்கும் முறுக்குக் கம்பிகள் எட்டு. அவற்றில் இரண்டு காணாமல் போய், ஏதோ லாரி போல்ட்டை அறுத்து மாட்டியிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரே மாதிரியாக எட்டு வாங்கினேன்.

இந்த டிரம்மின் உயிர் மேல்தோலில் இல்லை, அடியில் இருக்கிறது. கீழே மெல்லியதாக இன்னொரு தோல். அதன் குறுக்கே இறுக்கிக் கட்டிய கம்பிகள். மேலே குச்சி பட்டதும் உள்ளேயிருக்கும் காற்று கீழ்த்தோலைத் தள்ளுகிறது. தோல் கம்பிகளைத் தூக்கி எறிகிறது. அவை திரும்பி வந்து தோலை அறைகின்றன. 'டம்' என்று கேட்க வேண்டியது 'சர்ர்' என்று கேட்பது அதனால்தான். நம் மிருதங்கத்திலும் வலந்தலைத் தோல்களுக்கு நடுவே சிறு குச்சித் துணுக்குகளைச் செருகி அந்தக் கரகரப்பை வரவழைக்கிறார்கள். குச்சி மிருதங்கம் என்றே அதற்குப் பெயர். சுத்தமான ஓசையோடு கொஞ்சம் இரைச்சலும் சேர்ந்தால்தான் மனுஷக் காதுக்குத் திருப்தி போலிருக்கிறது. டிரம்மில் பக்கவாட்டில் ஒரு பிடி இருக்கும். அதைத் தள்ளினால் கம்பிகள் தளர்ந்து தோலை விட்டு விலகிவிடும்; டிரம் ஊமைக் குரலில் பேசும். கம்பிகள் இறுகியிருக்கும்போது இன்னொரு விசேஷம். பக்கத்தில் கிளாரினெட்டோ யூபோனியமோ வாசித்தால், தன்னை யாரும் தொடாமலே சில சுருதிகளுக்கு இது தானாக முனகும்.

என் டிரம்மில் இருந்தவை சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து எடுத்த இழைகள். "சே, என்ன பாமரத்தனம்!" என்று அவற்றையும் கழற்றிவிட்டு, மதுரையிலிருந்து சுருள் கம்பி வரவழைத்தேன். தோலுக்குப் பதில் பிளாஸ்டிக். கன்றுத்தோல் போட்ட காலம் மலையேறிவிட்டது. 1957 வாக்கில் அமெரிக்காவில் ரெமோ பெல்லி முதலானவர்கள் பாலியெஸ்டர் தகட்டில் தோல் செய்து விற்க ஆரம்பித்த பிறகு, மழையில் தொய்யாத, வெயிலில் வெடிக்காத டிரம் உலகமெங்கும் வந்துவிட்டது. அதோடு, தோலைப் பதம் பண்ணித் தருகிற மனிதரும் இந்த வாத்தியத்தின் கதையிலிருந்து வெளியே போய்விட்டார். மிருதங்கத்தில் அவர் இன்னும் இருக்கிறார். ஆனால் மேடையில் இல்லை. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த பிறகுதான், எத்தனையோ கச்சேரி கேட்ட எனக்கு, அந்தத் தோலைத் தொட்ட கைகளில் ஒன்றின் பெயர்கூடத் தெரியாது என்பது உறைத்தது.

எல்லாவற்றையும் கழற்றியபோது, மேல்தோலுக்கு அடியில் ஒரு கைலித் துணி இருந்தது. எலி இழுத்துக்கொண்டு வந்து போட்டது என்று சொல்லி, குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டேன். அந்தத் துணி நாலாக மடித்து, ஓரம் தைத்திருந்தது. எலி துணியை நாலாக மடிக்காது என்பது எனக்குத் தெரியாதா?

தெரியும். பஸ்ஸில் அந்த அம்மாள் சொன்னதும் தெரியும். பாண்டுக்காரத் தாத்தாவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. போய், "ஐயா, இது உங்களுடையதா? இந்தத் துணி எதற்கு, இந்த போல்ட் எதற்கு?" என்று கேட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. இரண்டு மாதம் நான் போகவில்லை. முதலில் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பிறகு, முழுக்க முடித்து, பளபளவென்று கொண்டுபோய்க் காட்டி அவரை ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. கேட்டால் அவர், "என்னுடையதுதான், கொடுங்கள்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். பணம் கொடுத்து வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் 1,800 ரூபாய் பித்தளைக்குக் கொடுத்தது. வாத்தியத்துக்கு நான் இன்னும் எதுவும் கொடுக்கவில்லை என்பது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. ஆகவே தேய்த்தேன். ஒவ்வொரு நாள் தேய்ப்பிலும் என் பாத்தியதை ஒரு படி ஏறியது.

ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர் ஜான் லாக், 1689-ல் வெளிவந்த நூலொன்றில், ஒருவன் தன் உழைப்பை ஒரு பொருளோடு கலக்கும்போது அது அவனுக்குச் சொந்தமாகிறது என்று வாதித்தார். பொதுவில் கிடக்கும் காட்டு ஏகோர்ன் கொட்டையைப் பொறுக்கியவனுக்கு அது சொந்தம் என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொட்டைக்கு முன்னால் யாரும் உழைக்கவில்லை என்று முதலில் தீர்மானம் செய்துகொள்ள வேண்டும். பிறத்தியார் வாழ்ந்த நிலத்தைத் தரிசு என்று பெயரிட்டு உழுது சொந்தமாக்கிக்கொண்டவர்களுக்கும் அந்த வாதம் உபயோகப்பட்டிருக்கிறது. நானும் அதைத்தானே செய்தேன்? பிரேக் கம்பியும் லாரி போல்ட்டும் கைலித் துணியும் ஒரு மனிதருடைய உழைப்பு. அதைப் 'பழுது' என்று பெயரிட்டேன். பழுது என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு அதை எடுத்தெறிவது சேவையாகிவிடுகிறது.

பலகையை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் பழைய கப்பல்தானா, புதுக் கப்பலா என்று கிரேக்கர்கள் கேட்ட கேள்வியைப் பற்றிப் புத்தகங்கள் பலவும் பேசுகின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் பேச அது நல்ல கேள்வி. பலகையை மாற்றுகிறவன் யாரைக் கேட்டு மாற்றினான் என்பதல்லவா அதைவிட அவசரமான கேள்வி?

அடிக்கவும் பழகினேன். இந்த டிரம்முக்கு ஆதாரப் பாடம் உருட்டு அடி. வலக்கை இரண்டு, இடக்கை இரண்டு, மறுபடி வலக்கை இரண்டு. இங்கிலீஷ்காரர்கள் இதற்கு 'டாடி–மம்மி' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். மெதுவாக அடித்தால் குழந்தைகூட அடிக்கும். வேகம் ஏற ஏறத்தான் சங்கடம். ஒவ்வொரு கையிலும் இரண்டாவது அடி, முதல் அடிக்குச் சமமாக விழ வேண்டும். அப்போதுதான் தனித்தனி அடிகள் ஒன்றாக உருகி ஒரு நீண்ட மூச்சு மாதிரி கேட்கும். எனக்குக் கேட்டது மூச்சு அல்ல, இருமல்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். "தாத்தா கேட்டுட்டு வரச் சொன்னாரு. இங்க யாரோ புது டிரம் வாங்கியிருக்காங்களாமே, என்ன விலைன்னு கேட்டாரு."

புது டிரம்! நாற்பது வருஷம் தோளில் சுமந்த மனிதர், இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்து கேட்டு, அது தன்னுடையது என்று அறிந்துகொள்ள முடியாதபடி செய்திருக்கிறேன் என்றால், என்னுடைய பழுது பார்க்கும் திறமையை என்னவென்று சொல்வது! அதற்குமேல் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. டிரம்மைத் தூக்கிக்கொண்டு பையனோடு நடந்தேன்.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பதை ஒட்டிய வயது. வலது கை இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. டிரம்மை வாங்கி மடியில் வைத்து, கண்ணால் பார்க்காமல், விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தார். 'மீரட்' எழுத்து வந்ததும் விரல் நின்றது.

"அட! என்னோடதா?"

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன், பஸ்ஸில் திருப்பி வைத்துக்கொண்டது உட்பட. பாவமன்னிப்புக் கேட்கிறவன் குரலில் சொல்லி முடித்து, "சொட்டையைக்கூட எடுத்துட்டேன் ஐயா" என்றேன்.

"எடுத்துட்டீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு! பஸ் மேலேருந்து விழுந்து ஆனது சார் அது. கல்யாணத்துக்குப் போறப்ப. அன்னையிலேருந்து இடுப்புல குத்திக்கிட்டே இருந்துச்சு" என்று சிரித்தார். போல்ட்டைப் பற்றியும் அவருக்குக் கவலையில்லை. பிரேக் கம்பியைப் பற்றி மட்டும், "அது வேற சத்தம் சார், ஊதல்காரங்களுக்கு மேலே ஏறாது" என்றார். பிறகு மேல்தோலை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"உள்ள துணி இருந்துச்சே?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே புரிந்துகொண்டார்.

"எங்க அப்பாவோட கைலி. பிளாஸ்டிக் தோல் கணகணன்னு கத்தும் சார், அதை அடக்கத்தான் வச்சேன். சாவு வீட்டுல கம்பியையும் தளத்திட்டா, நெஞ்சுல அடிக்கிற மாதிரி இருக்கும். சாவு வீட்டுல கம்பி பேசக் கூடாது."

மேனாட்டுப் பட்டாளங்களிலும் சவ ஊர்வலத்தில் டிரம்முக்குத் துணி சுற்றும் வழக்கம் உண்டு. அவர் அதைப் புத்தகத்தில் படித்தவரல்ல. அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அப்பா பறை அடித்தவர். "எழவுக்கு ராத்திரி முழுக்க அடிப்பாரு. காலையில கூலியைத் தூக்கித்தான் போடுவாங்க, கையில குடுக்க மாட்டாங்க. வயசு வித்தியாசம் இல்லாம டேய்னுதான் கூப்பிடுவாங்க. நான் பள்ளிக்கூடத்துல இதைக் கத்துக்கிட்டு, தொப்பியும் கோட்டும் மாட்டிக்கிட்டுப் போனேன். அதே வீடுங்க சார். வாங்க பாண்டுக்காரரேன்னாங்க. பந்தியில உக்கார வச்சாங்க. கைதான் மாறலை. நான் அடிச்ச அடியெல்லாம் அப்பா அடிச்சதுதான். அதான் அவரு துணியை உள்ள வச்சேன்."

இரண்டு மாதம் அந்த டிரம்மை நான் அங்குலம் அங்குலமாகப் பார்த்திருக்கிறேன். பாதுகாக்க வேண்டியது சொட்டையோ என்று வருத்தப்பட்டேன். அது அவருக்கு வெறும் இடைஞ்சல். எலி போட்டது என்று நான் எரித்தது அவருடைய அப்பாவை. பொருளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் அதில் தெரியாது. ஆளைக் கேட்டால்தான் தெரியும்.

"உங்களுக்கு முன்னால் இது யாரிடம் இருந்தது?" என்று கேட்டேன்.

"நானும் மதுரையில பழசாத்தான் வாங்கினேன். பட்டாளத்துல இருந்ததுன்னு சொன்னான். உள்ள ஏதோ ஒரு தோல்வாரு கட்டியிருந்துச்சு. எதுக்குன்னு தெரியலை, அறுத்துப் போட்டுட்டேன். யாரைப் போய்க் கேக்க?"

எனக்கு அந்த சாக்கு இல்லை. டிரம்மை அவர் பக்கம் தள்ளி, "இது உங்களிடமே இருக்கட்டும் ஐயா" என்றேன். அப்படிச் சொல்லும்போதே என் குரலில் பழைய காப்பாற்றுகிறவனின் தோரணை எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். அவரும் கவனித்திருக்க வேண்டும்.

"வித்தது வித்ததுதான் சார். பேத்தி நர்ஸிங் படிக்க ஆஸ்டலுக்குப் போனா. நல்ல பெட்டி ஒண்ணு வேணும்னா. இதைப் போட்டுட்டு அதை வாங்கினேன். எத்தனையோ கல்யாணத்துக்குச் சம்பாதிச்சுக் குடுத்துச்சு, கடைசியாப் பெட்டியா மாறிடுச்சு. எனக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது. நீங்கதான் வருத்தப்படுறீங்க." பிறகு, "சரி, அடிங்க பாப்போம்" என்றார்.

நடுத்தெருவில் தேர்வு எழுதுவது போல உருட்டு அடித்தேன். தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இடது கை பொய் சொல்லுது சார். ரெண்டாவது அடியை நீங்க அடிக்கிறீங்க. அடிக்காதீங்க. குச்சி தானாத் துள்ளி விழும், அதை விடணும். பிடிச்சு வச்சா வராது" என்றார். நடுங்குகிற கையால் ஒருமுறை குச்சியைப் பிடித்துக் காட்டினார். இரண்டு அடிதான். அந்த இரண்டும் சமமாக இருந்தன.

நான் புறப்படும்போது உள்ளே போய், தம்முடைய பழைய கைலி ஒன்றைக் கொண்டுவந்து, அளவு பார்த்துக் கிழித்து நாலாக மடித்துக் கொடுத்தார். "தைச்சு வச்சுக்கங்க. ஒரே ஒரு விஷயம். நான் போற அன்னைக்கு இந்த டிரம்மைக் குடுத்து விடணும். கம்பியைத் தளத்திட்டு."

"நானே வந்து அடிக்கிறேன் ஐயா" என்றேன், நெஞ்சு நெகிழ்ந்து.

"நீங்க வேணாம் சார்" என்றார் அவசரமாக. "உங்க இடது கை சரியில்ல. பசங்ககிட்டக் குடுங்க."

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் இடது கையை மட்டும் தனியாகப் பழக்கிக்கொண்டு வருகிறேன். கைலித் துணி உள்ளே இருப்பதால் அடுத்த வீட்டுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. இரண்டு தெரு தள்ளிக் கேட்கிறது போலிருக்கிறது. போன வாரம் பையன் வந்து, "தாத்தா இன்னும் இல்லைன்னு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு ஓடிப் போனான்.